பழவேற்காட்டு முகத்துவாரம்

மலாயாவுக்குச் சபர் சென்று திரும்பிய நம் முன்னோர்களின் பெட்டிகளில் கட்டம் போட்ட கைலிக்குத் தனி இடம் உண்டு. அந்தக் கைலியை மலாய் மக்கள் 'காயின் பெலிக்காட்' என்பர். காயின் என்றால் துணி. பெலிக்காட் என்பது ஓர் ஊரின் பெயர். இன்றும் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ஆடவர் அதனை உடுத்திப் பள்ளிவாசலுக்குச் செல்வதைக் காணலாம். துணி எந்த நாட்டுத் தறியில் நெய்யப்பட்டாலும் பெயர் மட்டும் மாறவில்லை. ஸ்காட்லாந்து நாட்டு நெசவாளர்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டம் போட்ட கைக்குட்டைகளை நெய்து விற்றபோது, அவர்களும் அவற்றுக்கு இதே ஊரின் பெயரைத்தான் சூட்டினர். உலகின் இரு கோடிகளிலும் தன் பெயரைத் துணியில் பொறித்துவிட்டுச் சென்ற அந்த ஊர், சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், பொன்னேரிக்குக் கிழக்கே, கடலுக்கும் கழிக்கும் நடுவே ஒதுங்கிக் கிடக்கின்றது. ஐரோப்பியர் நாவில் 'பாலியாக்காட்' என்றும் 'புலிகாட்' என்றும் திரிந்த பழவேற்காடே அது.

இவ்வூரின் வாணிபப் பெருமையை எழுதியோர் பலர். நாம் இங்கே மிகுதியாகப் பேச விழைவது அப்பெருமையைத் தாங்கி நின்ற நீரையும் மணலையும் பற்றி. வரலாறு என்றால் மன்னரும் கோட்டையும் போரும் மட்டுமே என்று எண்ணிப் பழகிவிட்டோம். ஒரு கடற்கரைப் பட்டினத்தின் வாழ்வும் தாழ்வும் பல வேளைகளில் ஒரு மணல்திட்டு நகர்வதில் அடங்கியிருக்கின்றன.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். பழைய வேர்கள் நிறைந்த காடு என்பதால் பழவேற்காடு ஆயிற்று என்று கூறி, அலையாத்தி மரங்களின் வேர்களை அதற்குச் சான்று காட்டுவோர் உண்டு. கேட்பதற்கு இனிமையான விளக்கம். ஆனால் இலக்கணம் இதற்கு இடம் தரவில்லை. வேரும் காடும் சேர்ந்தால் வேர்க்காடு என்றே வரும். வேலும் காடும் புணரும்போதுதான் வேற்காடு தோன்றும். கருவேல், வெள்வேல், உடைவேல் என்னும் மரப் பெயர்களில் உள்ள அந்த வேல்தான் இது. சென்னைக்கு மேற்கேயுள்ள திருவேற்காட்டின் பெயரும் இவ்வாறு அமைந்ததே. ஆதலின் பழைய வேலங்காடு என்று பொருள் கொள்வதே பொருத்தம் எனத் தோன்றுகிறது. தெலுங்கர் இந்நீர்ப்பரப்பைப் 'பிரளய காவேரி' என்று வழங்குவர். ஊழி வெள்ளத்தை நினைவூட்டும் இப்பெயரை இட்டவர்கள் இந்நீரின் இயல்பை நன்கு அறிந்தவர்கள் போலும்.

பழவேற்காட்டு ஏரி என்று மக்கள் சொன்னாலும், இது குடிநீர் ஏரி அன்று. கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் உப்பங்கழி. காயல் என்னும் சொல்லுக்கு இதுவே பொருள். காயல்பட்டினத்தார்க்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை. ஒரிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் கழி இதுவாகும். வடக்கு தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் உள்ளது; தென்முனையே தமிழகத்துக்கு உரியது. பரப்பைக் கேட்டு மலைப்போர் ஆழத்தைக் கேட்டால் வியப்பர். சராசரியாக ஒரு மீட்டர் அளவுதான். இடுப்பளவு நீரில் மனிதன் நடந்து செல்லக்கூடிய இடங்கள் மிகப் பல.

கழிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்ட மணல் தீவு ஒன்று அரணாகக் கிடக்கின்றது. அதுதான் ஸ்ரீஹரிகோட்டா. இன்று அப்பெயரைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவது விண்வெளிக் கலங்கள். 1971ஆம் ஆண்டு அக்டோபரில் அங்கிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டது. அதற்கு முன்பு அத்தீவைச் சென்னை நகரத்தார் அறிந்திருந்தது அடுப்பெரிக்கும் விறகால். அத்தீவின் காட்டு விறகு பக்கிங்காம் கால்வாய் வழியே படகுகளில் சென்னைக்கு வந்து இறங்கிற்று. விண்வெளி நிலையத்துக்காகத் தீவு கையகப்படுத்தப்பட்டபோது அங்கிருந்த மீனவக் குடும்பங்கள் பல வெளியேறிப் பழவேற்காட்டுப் பக்கம் குடியமர்ந்தன. நாடு விண்ணை நோக்கி உயர்ந்த கதையை எழுதுவோர் இவர்களுக்கும் ஒரு வரி ஒதுக்கலாம்.

இம்மணல் அரண் எவ்வாறு எழுந்தது? சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய கரையைக் கடந்து உள்ளே நின்றது. பின்னர் அது பின்வாங்கிய காலத்தில், அலைகள் கொணர்ந்த மணல் கரைக்கு இணையாக வரிசை வரிசையாய்க் குவிந்தது. அவ்வரிசைகளுக்குப் பின்னே சிக்கிக்கொண்ட நீரே கழியாயிற்று. எனவே இந்நிலத்தை மணல் பெற்றெடுத்த நிலம் என்று சொல்வதில் தவறில்லை. அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் தாழையும் அம்மணலைப் பற்றி நிறுத்தி வைத்தன. சங்கப் புலவர்கள் நெய்தல் என்று வகுத்த நிலத்தின் கூறுகள் யாவும், கழியும் கானலும் உப்பும் மீனும், ஈண்டு ஓரிடத்தில் கூடியிருக்கக் காண்கிறோம்.

இக்கழியை ஓர் உயிருக்கு ஒப்பிட்டால், அதன் வாய் முகத்துவாரம் எனலாம். பழவேற்காட்டுக்கு அருகே மணல் அரணைப் பிளந்துகொண்டு கழி கடலோடு கலக்கும் இடம் அது. தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளங்கி ஆறும் மழைக்காலத்தில் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. முகத்துவாரம் வழியே கடல்நீர் ஏறி இறங்குகிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் கழிநீர் ஏறக்குறைய நன்னீராகிவிடும். கோடையில் ஆறுகள் வறண்டு, வெயிலில் நீர் வற்றி, கழியின் வடபகுதி கடலினும் மிகுதியான உப்பேறி நிற்கும். ஒரே நீர் ஓராண்டுக்குள் ஆற்றுநீராகவும் கடல்நீராகவும் கடலைவிடக் கரிக்கும் நீராகவும் மூன்று வேடம் புனைகின்றது!

இம்மாற்றமே இக்கழியின் செல்வம். வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. கண்ணுக்குப் புலப்படாத அளவிலான அதன் குஞ்சுகள் நீரேற்றத்தோடு முகத்துவாரம் வழியே கழிக்குள் நுழைகின்றன. ஆழமற்ற நீரிலும் சேற்றிலும் இரை மிகுதி. பெருமீன்களின் தொல்லை குறைவு. சில மாதங்களில் வளர்ந்து மீண்டும் அதே வாசல் வழியே கடலுக்குத் திரும்புகின்றன. மடவை, கொடுவா, சேற்று நண்டு ஆகியவற்றின் வாழ்வும் பெரும்பாலும் இவ்வாசலையே நம்பியிருக்கிறது. இத்தகைய கழிகளைக் கடலின் தொட்டில் என்று அறிஞர் சொல்வது வெறும் அணி அன்று. தொட்டிலின் கதவு அடைபட்டால் உள்ளேயுள்ள குழந்தை வெளியே வாராது. வெளியேயுள்ளது உள்ளே போகாது.

பூநாரைகளையும் மறந்துவிடக் கூடாது. மழை ஓய்ந்து நீர்மட்டம் தாழும்போது ஆயிரக்கணக்கில் இவை வந்து இறங்குகின்றன. நீண்ட கால்களால் ஆழமற்ற சேற்று நீரில் நடந்து, தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகால் நீரைச் சலித்து நுண்ணுயிர்களை உண்ணும் விந்தைப் பறவை இது. நீர் ஆழமானாலும் இதற்கு உணவில்லை. முற்றிலும் வற்றினாலும் உணவில்லை. கழியின் ஆந்திரப் பகுதி 1976ஆம் ஆண்டிலும் தமிழகப் பகுதி 1980ஆம் ஆண்டிலும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன.

இனி மாந்தரிடம் வருவோம்.

அரபு நாட்டில் ஆட்சியாளரோடு நேர்ந்த பிணக்கினால் கலமேறிப் புறப்பட்டு வந்தோரின் வழித்தோன்றல்கள் நாங்கள் என்று பழவேற்காட்டு முஸ்லிம்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். காயல்பட்டினத்திலும் இத்தகைய மரபு வழங்குவதை நாம் அறிவோம். செவிவழிச் செய்தியை ஆவணமாகக் கொள்ள இயலாது. எனினும், 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வூரில் முஸ்லிம் வணிகர்கள் செழித்திருந்தனர் என்பதற்கு அயலார் எழுத்தே சான்று. போர்ச்சுகீசியரான துவார்த்தே பர்போசா, விஜயநகர வேந்தருக்கு உரிய இத்துறைமுகத்தில் முஸ்லிம்களும் இந்துக்களும் வாழ்ந்ததையும், பல நாட்டுக் கலங்கள் வந்து போனதையும், பெகுவிலிருந்து வந்த மாணிக்கக் கற்கள் இங்கே விலைபோனதையும் குறித்துள்ளார். மலாக்காவில் இருந்து எழுதிய தோமே பிரெஸ், சோழமண்டலக் கரையிலிருந்து அங்கே கலம் அனுப்பிய துறைமுகங்களின் வரிசையில் பழவேற்காட்டைச் சேர்த்திருக்கின்றார். மலாக்காவில் 'கெலிங்' எனப்பட்ட வணிகர் கூட்டத்தில் இக்கரையைச் சேர்ந்த இந்துக்களும் முஸ்லிம்களும் இருந்தனர். துணி போயிற்று, மிளகும் கிராம்பும் சந்தனமும் வந்தன.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெருங்கலங்கள் கழிக்குள் வந்து கரையணைந்ததாகக் கற்பனை செய்துகொள்வது பிழை. அவை வெளிக்கடலில் நங்கூரமிட்டு நின்றன. சிறு படகுகளே முகத்துவாரத்தின் மணல்திட்டைக் கடந்து சரக்கை ஏற்றி இறக்கின. வடகிழக்குப் பருவக்காற்று எழும் ஐப்பசி முதல் மார்கழி வரை பெருங்கலம் எதுவும் இக்கரையில் தங்கத் துணிவதில்லை. ஆக, பழவேற்காட்டின் வாணிபம் தொடக்கமுதலே அக்குறுகிய வாசலின் தயவில் நடந்தது. வாசல் குறுகியதாய் இருந்ததே ஊருக்குக் காவலாகவும் அமைந்தது. பகைவரின் போர்க்கலம் எதுவும் அதனுள் நுழைய முடியாது.

இவ்வசதியை உணர்ந்தவர் டச்சுக்காரர். சந்திரகிரியிலிருந்து ஆண்ட விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரிடம் அவர்கள் 1610ஆம் ஆண்டு இசைவு பெற்றனர். 1612இல் போர்ச்சுகீசியர் அவர்தம் பண்டகசாலையைத் தாக்கி அழித்தனர். அதன்பின் கழிக்கரையில் கோட்டை எழுந்தது. 1613இல் நிறைவெய்திய அதற்கு, தலைவராய் இருந்த வெம்மர் வான் பெர்கெம் என்பவரின் தாயகமான கெல்டர்லாந்தின் நினைவாகக் 'கெல்ட்ரியா' என்று பெயரிட்டனர். சென்னையில் ஆங்கிலேயர் காலூன்றியது 1639இல் என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் இவ்வூரின் மூப்பு விளங்கும். சோழமண்டலக் கரை முழுவதிலும் டச்சு வாணிபத்துக்குத் தலைநகராய் இருந்த இக்கோட்டையில் நாணயச் சாலையும் வெடிமருந்துச் சாலையும் இயங்கின.

துணி ஏற்றிய அதே வாசல் வழியே மனிதரும் ஏற்றப்பட்டனர். 17ஆம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில், பசிக்கு விலைபோன ஆயிரக்கணக்கான ஏழை மக்களை டச்சுக்காரர் அடிமைகளாக வாங்கிப் பத்தாவியாவுக்கு அனுப்பினர். அவர்களுக்குக் கல்லறை இல்லை. வாங்கி விற்றவர்களின் கல்லறைகளோ, வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்களோடும் அழகிய எழுத்துகளோடும், தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் இன்றும் நிற்கின்றன.

1690இல் டச்சுத் தலைமை நாகப்பட்டினத்துக்கு மாறிற்று. மணல் மூடியதனால் துறைமுகம் கெட்டது, அதனால் டச்சுக்காரர் போயினர் என்று எழுதுவோர் உளர். இதனை முழுவதும் ஏற்பதற்கில்லை. 1687இல் கோல்கொண்டா ஔரங்கசீப்பின் வசமானதும், அதனையொட்டிய போர்களும் பஞ்சமும் வடபகுதியின் நெசவூர்களைக் குலைத்தன. தெற்கே காவிரிப் படுகையின் துணி அவர்களை ஈர்த்தது. அருகிலேயே சென்னை வளர்ந்து நின்றது. பட்டினத்தைத் தளர்த்தியவை அரசியலும் வாணிபமும். தளர்ந்த பட்டினம் மீண்டும் எழாதபடி தடுத்ததே மணலின் பங்கு என்பது நம் கருத்து. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோட்டை கைமாறிக் கைமாறி, 1825இல் ஊர் முற்றிலும் ஆங்கிலேயருடையதாயிற்று. அதற்கு முன்பே கோட்டை இடிக்கப்பட்டுவிட்டது. அகழியும் மேடும் முட்புதரும் இன்று எஞ்சியுள்ளன.

வாணிபம் போனது, மக்கள் போகவில்லை. மரைக்காயர் தெருக்களும், பெரிய பள்ளிவாசலும், தொழுகை நேரம் அறிய நிறுவிய சூரியக் கடிகாரத்தோடு கூடிய சின்னப் பள்ளிவாசலும் நிலைத்தன. பனையோலையைக் கீறிச் சாயமேற்றிப் பெட்டியும் கூடையும் பின்னும் கலையில் இவ்வூர் முஸ்லிம் பெண்டிர் கைதேர்ந்தவர்கள். ஒரு காலத்தில் கடல் கடந்த செல்வம் குவிந்த இல்லங்களில், பனையோலைப் பெட்டியின் விலை குடும்பச் செலவுக்குத் துணை நின்றது.

கழியை நம்பிய மீனவர் குப்பங்களிலோ வேறொரு ஆட்சி நடந்தது. அதற்குப் 'பாடு' என்று பெயர். கழியில் மீன்படும் துறைகள் இன்னவை எனப் பிரித்து, எந்தத் துறையில் எந்த நாளில் யார் வலையிடுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்து முடிவு செய்வர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் இம்முறைக்குப் பெயர்பெற்றவை. எவரும் எப்போதும் நல்ல துறையையே பிடித்துவைத்துக்கொள்ள முடியாது; எவருக்கும் என்றும் கெட்ட துறையே வாய்ப்பதுமில்லை. இம்முறையில் குறையே இல்லை என்று நாம் கூறவரவில்லை. பாட்டுரிமை எல்லாச் சாதியார்க்கும் கிட்டியதன்று. கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்க்கு அதில் இடமில்லை. இருப்பினும், அளவான செல்வத்தை அடிதடியின்றிப் பகிர்ந்துகொள்ளக் கல்லூரி காணாதவர்கள் கண்ட வழி என்ற முறையில் அது போற்றத்தக்கது. அம்முறை நிற்பதும் முகத்துவாரம் திறந்திருக்கும் வரையில்தான். இறால் வாராத துறைக்குச் சீட்டுப் போட்டு ஆவதென்ன?

இனி நம் கட்டுரையின் உயிர்ப்பொருளுக்கு வருகிறோம். கரை ஏன் அரிக்கப்படுகிறது?

'கடல் சினந்தது' என்பர் சிலர். 'கடல் ஏறி வருகிறது' என்பர் வேறு சிலர். உலகம் வெப்பமடைவதால் கடல்மட்டம் மெல்ல உயர்வது மெய்யே. ஒரு மீட்டர் ஆழக் கழிக்கு அது சிறிய செய்தியும் அன்று. ஆனால் சில ஆண்டுகளுக்குள் ஒரு குப்பத்தின் கரை காணாமற்போவதற்கு அம்மெல்லிய உயர்வு விளக்கமாகாது. அதற்குக் கரையின் கணக்கேட்டைப் புரட்ட வேண்டும்.

கடற்கரை மணல் ஓரிடத்தில் கிடப்பதன்று, ஓயாது நடப்பது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மோதி மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றின்போது அதே அலைகள் திசைமாறி மணலைத் தெற்கே தள்ளுகின்றன. வடக்கே போகும் காலம் நீண்டது, தெற்கே வரும் காலம் குறுகியது. ஆகவே ஆண்டுக் கணக்கை முடித்துப் பார்த்தால், பல லட்சம் கன மீட்டர் மணல் சோழமண்டலக் கரையோரமாக வடதிசை நோக்கிச் சென்றிருக்கும். ஒவ்வொரு கரையும் தெற்கிலிருந்து வரவு வைத்து வடக்குக்குச் செலவு எழுதுகிறது. வரவும் செலவும் ஒத்திருக்கும் வரை கரை நிற்கும். நடுவே ஒருவர் வரவை மறித்துக்கொண்டால், செலவு மட்டும் நடக்கும். முதல் கரையும். வணிகக் குடும்பங்களில் பிறந்த நமக்கு இக்கணக்கு எளிதில் விளங்கும்.

மறித்தவர் யார் என்பதற்கு விடை 1876ஆம் ஆண்டில் தொடங்குகிறது. திறந்த கரையாயிருந்த சென்னையில் துறைமுகம் அமைக்க, கடலுக்குள் நீளும் கற்சுவர்கள் அவ்வாண்டு எழத் தொடங்கின. 1881ஆம் ஆண்டுப் புயல் அவற்றை உடைத்தெறிந்தும் பணி நிற்கவில்லை. வடக்கே சென்றுகொண்டிருந்த மணல் தென்சுவரில் தட்டுண்டு குவிந்தது. நாம் மாலை வேளையில் காற்று வாங்கும் மெரினாவின் அகன்ற மணற்பரப்பு இவ்வாறு வந்த வரவே. அதே காலத்தில் துறைமுகத்துக்கு வடக்கே இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கரை தேய்ந்தது. தெருக்களும் வீடுகளும் கடலுக்குள் போயின. கரையைக் காக்கப் பாறைகளைக் கொட்டினர். பாறை கொட்டிய இடம் தப்பிற்று. அரிப்பு அதற்கு வடக்கே நகர்ந்தது. அங்கேயும் கொட்டினர். இவ்வாறு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பாறையும் அரிப்பும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வடக்கே நடந்தன.

2001ஆம் ஆண்டில் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. 2013இல் அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் இயங்கத் தொடங்கிற்று. இரண்டுக்கும் அலைதடுப்புச் சுவர்கள் உண்டு; இரண்டும் மணலை மறிக்கின்றன. அவற்றுக்கு வடக்கே பழவேற்காட்டு முகத்துவாரம் வரையில் கிடப்பது, ஒருபுறம் கடலும் மறுபுறம் கழியும் பக்கிங்காம் கால்வாயும் சூழ்ந்த மெல்லிய மணல் அரண். அதன்மேல் மீனவக் குப்பங்கள் வரிசையாக இருக்கின்றன. வலை உலர்த்தவும் படகு ஏற்றவும் இருந்த மணற்கரை பல இடங்களில் சுருங்கிவிட்டது. அரண் இன்னும் மெலிந்து ஏதேனும் ஒரு புயலில் புது வாய் ஒன்று திறக்குமாயின், கழியின் நீரும் உப்பும் மீனின் வழியும் அனைத்தும் மாறும். மழைவெள்ளத்தைத் தாங்கி நிற்கும் தாழ்நிலங்களுள் கடல் புகும். சென்னையின் வடபுறத்து வெள்ளம் வடிவது இத்தாழ்நிலங்கள் வழியேதான் என்பதை நகரத்தார் நினைவிற் கொள்வது நல்லது.

ஆற்றின் வரவும் குறைந்தது. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. சென்னைக்கு அது குடிநீர் தருகிறது. அதனைக் குறைகூற இயலாது. ஆயினும் அணை நீரை மட்டும் தேக்குவதில்லை, மணலையும் தேக்குகின்றது. ஆற்றுப்படுகையிலிருந்து வண்டி வண்டியாய் அள்ளிய மணலும் கடலுக்கு வந்து சேராத மணலே. நாம் குடியிருக்கும் வீட்டின் சுவரிலும் ஏதோ ஒரு கடற்கரையின் பங்கு இருக்கின்றது.

இங்கே ஒரு முரண் எழும். கரை மணலின்றித் தேய்கிறது என்கிறோம். முகத்துவாரமோ மணலால் அடைபடுகிறது என்கிறோம். இரண்டும் எப்படி மெய்யாகும்? முகத்துவாரத்தைத் திறந்து வைப்பது நீரின் வேகம். சென்னைக் கரையில் கடலேற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டர் அளவே. அச்சிறு ஏற்ற இறக்கத்தில் கழிக்குள் போய்வரும் நீரின் அளவே வாசலைக் கழுவித் துப்புரவாக்கும் ஆற்றல். கழி வண்டல் படிந்து மேடாகும்போது போய்வரும் நீர் குறைகிறது, வேகம் தளர்கிறது. ஆறும் வறண்டால் உதவிக்கு ஆளில்லை. அந்நிலையில் கரையில் அரிக்கப்பட்ட மணலே நகர்ந்து வந்து வாசலில் உட்கார்ந்துகொள்ளும். நோயாளியின் உடல் மெலிவதும் தொண்டை அடைப்பதும் ஒரே நோயின் இரு குறிகளாக இருப்பதுண்டு அல்லவா? அதுபோலத்தான்.

கோடையில் வாசல் அடைபடும்போது படகுகள் கடலுக்குப் போக இயலாமல் நின்றுவிடும். குப்பத்து மக்கள் திரண்டு மணலை வெட்டி வழியமைப்பது பல ஆண்டுகளாக நடந்துவந்த செயல். வெட்டிய வழி சில கிழமைகளில் மீண்டும் தூர்ந்துபோகும். வாசலை நிலைநிறுத்துவதற்காக, அதன் இருபுறமும் கடலுக்குள் கற்சுவர் அமைக்கும் பணியை அண்மை ஆண்டுகளில் தமிழக அரசு மேற்கொண்டது. மீனவர் நெடுநாள் கேட்டுவந்தது அது; படகு போக வழி வேண்டும் என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆனால் முன்னர் எழுதிய கணக்கை இங்கேயும் எழுதத்தான் வேண்டும். இச்சுவரும் சுவரே. தெற்கே மணல் சேரும். வடக்கே மணல் குறையும். வடக்கே இருப்பது ஸ்ரீஹரிகோட்டா.

சுவர் கட்டுவதோடு கடமை முடிந்தது என்று எண்ணுவதில்தான் தவறு இருக்கிறது. தெற்கே தேங்கும் மணலை ஆண்டுதோறும் எடுத்து வடகரையில் சேர்த்துவிட்டால் கணக்கு நேராகும். இது புதிய கண்டுபிடிப்பு அன்று. எண்ணூர்த் துறைமுகம் கட்டப்பட்டபோது தோண்டிய மணல் வடகரையில் கொட்டப்பட்டது. அது ஒருமுறை செய்த உதவி. அலையோ ஒவ்வோர் ஆண்டும் வரி வாங்குகிறது. புதுச்சேரியில் 1980களில் துறைமுகச் சுவர் எழுந்தபோது மணலை வடக்கே கடத்தும் ஏற்பாடும் திட்டத்தில் இருந்தது. அது ஒழுங்காக நடைபெறவில்லை. நகரின் அழகிய மணற்கரை மறைந்து கருங்கல் குவியல் மிஞ்சிற்று. பின்னர் 2018இல் கடலுக்குள் அமைத்த செயற்கைத் திட்டின் துணையால் அக்கரையில் மீண்டும் மணல் சேர்ந்ததைக் கண்டோம். எடுத்த மணலைத் திருப்பிக் கொடுத்தால் கடற்கரை அதை ஏற்றுக்கொள்கிறது என்பதற்கு அதுவே சான்று.

பழவேற்காட்டுக்குச் செல்வோர் டச்சுக் கல்லறையைப் பார்க்கின்றனர். படகேறிப் பூநாரையைப் பார்க்கின்றனர். இறால் வாங்கிக்கொண்டு திரும்புகின்றனர். முகத்துவாரத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்போர் குறைவு. பார்ப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? பழுப்பு நிற நீர், இருபுறமும் மணல், கரையில் ஏற்றிய படகுகள். ஐப்பசி மழையில் ஆரணியாறு பெருகிவரும் ஆண்டுகளில் அவ்வாசல் தானே திறந்துகொண்டு வெள்ளத்தைக் கடலுக்கு அனுப்பிவந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் குப்பத்தார் மண்வெட்டிகளோடு அங்கே கூடினர்.